இரண்டாவது பிரேக்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கையும் நலம், என் முழங்கால் வலியும் உன் அம்மாவின் வாயும் வழக்கம்போல வேலை செய்கின்றன. நீயும் நலமாகத்தான் இருப்பாய், போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்ட யாருக்கும் அதில் சந்தேகம் வராது. தொலைபேசியில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நீ பேசுவாய், நான் சரிப்பா என்பேன், நீ மறுபடியும் பேசுவாய், நான் மறுபடியும் சரிப்பா என்பேன், வைத்த பிறகு எதுக்குச் சரி சொன்னீங்க என்று உன் அம்மா கேட்பாள், எனக்குத் தெரியாது. காகிதம் குறுக்கே பேசாது, அதனால் காகிதம். முதலாவது, இரண்டாவது என்று எண் போட்டு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன், முதலாவதிலேயே கோபம் வந்து தாள் தீர்ந்துவிட்டது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "திட்டறதுக்குக்கூட ஸ்கேல் வெச்சுக் கோடு போடற மனுஷன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபப்பட்டுப் பழக்கமில்லை, அளவு தவறிப் போனால் அது பழக்கமின்மை என்று எடுத்துக்கொள், பொய்க் கோபம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. நம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை உன் பெயருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு மாத முடிவுக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஆனால் நான் முதலிலிருந்து வந்துதான் சொல்வேன். அவசரமென்றால் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள், நீ எதையும் அப்படித்தானே படிக்கிறாய்.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பு எடுத்தாய். ரிஸ்க் எடுக்காத தொழில் ஊசிப்போகும், சவாலைக் கண்டால் கட்டிக்கொள்ள வேண்டும், பயம்தான் முதல் போட்டியாளன், இப்படி. நான் ரொட்டித் துண்டை மென்றுகொண்டு தலையாட்டினேன். ஒருநாள் நான் பல் மருத்துவரிடம் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் வாசலில் இருந்த பழைய பலகை இறங்கியிருந்தது, "நிதானமே பாதுகாப்பு" என்று நானே அளவெடுத்து எழுதிய பலகை, அதற்குப் பதில் ஆளுயர மஞ்சள் பலகை: "மற்றவர்கள் கைவிட்டவர்களா? எங்களிடம் வாருங்கள்!" பழையது எங்கே என்று கேட்டேன், கழிவறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கு என்றாய். வாய் மரத்துப்போகப் போட்ட மருந்து இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது எல்லோரும் நினைத்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். நீ பலகையை மாட்டினாய், படம் எடுத்தாய், மறுநாள் விமானம் ஏறினாய். பலகையைப் பார்த்து வந்தவர்களை வரவேற்க நீ இல்லை. பட்டாசுத் திரியைப் பற்ற வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொள்ளும் வேலையை வீட்டாருக்கு விட்டுவிட்டுப் போகிற பிள்ளை நீ. சின்ன வயதிலும் அப்படித்தான்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தொழில் படுத்துத்தான் கிடந்தது. எதிர்த் தெருவில் புதுப் பள்ளி வந்த பிறகு நம்மிடம் வருகிறவர்கள், அப்பா அம்மா கையைப் பிடித்து இழுத்துவந்த பிள்ளைகள் மட்டும்தான். தெருவில் என்னைப் பிரேக் வாத்தியார் என்று கூப்பிடுகிறார்கள் என்பதும், நம் வண்டி பின்னால் மாட்டிக்கொண்டால் நடந்து போவதே மேல் என்று டீக்கடையில் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் இயற்பியல் படித்தவன், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து, பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பயந்து ராஜினாமா செய்தவன். ஒரே மாணவர், அவரும் முன்னால் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டும், என்ற காரணத்துக்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்கிறவருக்கென்று என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக் பெடலில் வைத்த வலது காலை இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் எடுத்ததில்லை. அதனால் என் மாணவர் யாரும் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. நான் அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன், இப்போதும் பாதி நினைக்கிறேன்.

உன் பலகையைப் பார்த்து முதலில் வந்தவர் கடைவீதித் தையற்கார அம்மா. லைசென்ஸ் எப்போதோ வாங்கியவர், வாங்கிய மறுநாளே சொந்த வீட்டுக் கேட்டை இடித்துச் சாய்த்து, அன்றைக்கு விட்டவர்தான், பிறகு ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. வேறு மூன்று பள்ளிகளில் சேர்ந்து அழுதுகொண்டு திரும்பியிருக்கிறார். இப்போது பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிற பெரிய வேலையைத் துணிந்து ஒத்துக்கொண்டுவிட்டார், வாரம் இரண்டு தடவை மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், ஆள் வைத்தால் கட்டுபடியாகாது, ஒரு பழைய வேனையும் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். ஓட்டத்தான் வராது. நான் என் முறைப்படி அவருக்குக் கண்ணாடி சரிசெய்வதிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். நம் வண்டியின் இரண்டு பிரேக் பெடல்களையும் ஒரே கம்பி இணைக்கிறது, நான் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் தானாகக் கீழே போகும், உனக்கு மறந்திருக்கலாம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா சந்தையடி முக்கில் வண்டியை நிறுத்தினார். "சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. வண்டியை நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா? நான் காலை வைக்கிறதுக்கு முன்னாடியே பெடல் அங்க போயிடுது. என்னைவிட நீங்க இல்ல அதிகமா பயப்படறீங்க, ரெண்டு பயந்தாங்கொள்ளிக்கு ஒரு வண்டி எதுக்கு?" என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். என் முகம் சிவந்ததைப் பார்த்து அவர் சிரித்தார். அந்த அம்மாவுக்குப் பேச்சு மட்டுமில்லை, சிரிப்பும் கத்தரிக்கோல்தான். வீட்டுக்கு வந்து, அவருக்கு இனி நீயே சொல்லிக்கொடு என்று உன் தங்கையிடம் சொல்லிவிட்டு, இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

இனி நடந்ததைத்தான் நீ மேடையில் சொல்லிக்கொண்டு திரிகிறாய், அதனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உன் தங்கை பத்து வருடமாக அந்த வாத்தியார் இருக்கையில் உட்காருகிறவள். நீ வருவதற்கு முன்னும் உட்கார்ந்தாள், நீ போன பின்னும் உட்கார்ந்தாள். அவள் அந்த அம்மாவைப் பல நாள் பாழடைந்த கிடங்கு மைதானத்தில் சுற்ற வைத்தாள், ஒரு வார்த்தை பேசாமல், தோளையே பார்த்துக்கொண்டு. இறுகியிருக்கிற தோள் எப்போது இறங்குகிறது என்று பார்க்கிறாளாம். அதன் பிறகு ஒருநாள் நான் அலுவலக ஜன்னலில் நின்று பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருக்கிறேன், நம் வண்டி தெருவில் போகிறது, தையற்கார அம்மா ஓட்டுகிறார், பக்கத்தில் உன் தங்கையின் இரண்டு முட்டியும் ஜன்னல் மட்டத்துக்கு மேலே தெரிகின்றன. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்! கடைவீதியில்! பிரேக்கில் கால் இல்லை! மை என் வேட்டியில் கொட்டியதைச் சாயங்காலம் உன் அம்மா சொல்லித்தான் பார்த்தேன். வண்டி திரும்பி வந்ததும் நான் கத்தினேன். ஆமாம், நான்தான். தெருவே பார்த்தது. இது தற்கொலை, இது கொலை, லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், உன் அண்ணன் சொன்ன கிறுக்குத்தனமெல்லாம் உன் தலைக்கும் ஏறிவிட்டதா என்று கத்தினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அண்ணன் சொன்னதை நான் அன்னைக்கே மறந்துட்டேன். என் கால் அங்க இருக்கிற வரைக்கும் அவங்க கால் வேலை செய்யாது. நிறுத்தறதுக்கு யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சா யாருக்குமே நிறுத்த வராதுப்பா. கை ஹேண்ட்பிரேக் மேலதான் இருக்கு, நீங்க போய் வேட்டியை மாத்துங்க."

நான் சமாதானமாகவில்லை. இப்போதும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள். அடுத்த வாரமே நான் பயந்தது நடந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் திரும்பும்போது தையற்கார அம்மா கம்பத்தில் இடித்துவிட்டார். ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டியின் இடது விளக்கு நொறுங்கிப்போயிற்று. உன் தங்கை ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கிறாள், அரை நொடி தாமதம், அரை நொடி என்றால் எவ்வளவு தூரம் என்று எனக்குக் கணக்குத் தெரியும், அன்றைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. நான் ஓடிப் போனேன், நான் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய். தையற்கார அம்மா நடைபாதையில் உட்கார்ந்து சாவியை நீட்டிக்கொண்டிருக்கிறார், "போதும் பாப்பா, எனக்கு விதிச்சது தையல் மெஷின்தான், இந்தா" என்கிறார். ஆனால் அவள் சாவியை வாங்கவில்லை. "அக்கா, அன்னைக்குக் கேட்டை இடிச்சப்போ இறங்குனீங்களே, அதுதான் தப்பு, இடிச்சது தப்பில்ல. ஏறுங்க, இன்னொரு சுத்து போயிட்டு வந்து அழலாம், நானும் கூட அழறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் விலகி வழிவிட்டேன். ஒற்றை விளக்கோடு வண்டி போயிற்று, அவள் முட்டிகள் மறுபடியும் ஜன்னலில் தெரிந்தன. திரும்பி வந்தபோது தையற்கார அம்மா அழவில்லை, பக்கத்தில் நின்ற பேருந்து ஓட்டுநரிடம் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தத் தெரியாதா என்று சண்டை போட்டார். அன்றைக்குத்தான் அவருக்கு ஓட்ட வந்தது என்பது என் கணிப்பு.

இதை நான் உனக்குத் தொலைபேசியில் சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? சிரித்துவிட்டு, "சூப்பர்ப்பா, தோல்விதான் முதலீடு" என்றாய். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கவில்லை, தங்கை பயந்தாளா என்றும் கேட்கவில்லை. பெரியவனே, நொறுங்கியது உன் விளக்கு இல்லை. சாவியை வாங்காமல் நின்றது உன் கை இல்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதற்கு விளக்கம் கேட்டால் இனி உன் புகைப்படத்தைக் காட்டலாம். மாதம் பிறந்தால் சம்பளம், உடம்புக்கு, வீட்டுக்கு, காருக்கு, நாய்க்கு எல்லாவற்றுக்கும் காப்பீடு, நுழைந்த கம்பெனியிலேயே இத்தனை வருடமாக நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், அங்கிருந்து எங்களுக்குத் துணிச்சலை அனுப்பிவைக்கிறாய். கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, ஆழத்துக்குப் போ ஆழத்துக்குப் போ என்று கூவுகிறவனை நீச்சல் வாத்தியார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகமோ என்று திரும்பப் படித்தேன், அடிக்கலாமா என்று பேனாவை வைத்தேன், இருக்கட்டும்.

பிறகு நீ மேடையில் பேசிய அந்தக் காணொளி. உன் தங்கை காட்ட மறுத்தாள், உன் அம்மாதான் அவள் போனை வாங்கிப் போட்டுக் காட்டினாள். பெரிய அரங்கம், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஆட்கள், நீ மேடையில் அங்குமிங்கும் நடக்கிறாய். "என் யோசனையை என் தங்கை செய்துகாட்டினாள்" என்கிறாய். அதன் பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதுகை வளைத்து, ஒரு காலால் தரையை அமுக்கி அமுக்கி, கண்ணை உருட்டி, வாழ்நாள் முழுவதும் பிரேக்கில் காலை வைத்திருந்த ஒரு மனிதரை நடித்துக் காட்டுகிறாய். அரங்கமே சிரிக்கிறது. நடிப்பு நன்றாகத்தான் இருந்தது, என் தோள் அப்படித்தான் வலது பக்கம் சாய்ந்திருக்கும். உன் அம்மா சிரிக்கவில்லை. "சிரிச்சவன்ல ஒருத்தனுக்காவது ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமான்னு கேளுங்க" என்றாள். நான் அதைக் கேட்கவில்லை, வேறொன்று கேட்கிறேன். நீ கல்லூரி விடுமுறையில் என்னிடம் ஓட்டப் பழகினாயே, ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறாயே, ஒவ்வொரு முக்கிலும் வண்டி அழகாக வேகம் குறைந்து திரும்பியதே, அது யார் கால் என்று நினைத்தாய்?

இப்போது நீ கேட்டிருப்பதற்கு வருகிறேன். பள்ளி உன் பெயரில், ஐந்து ஊரில் கிளை, "கால் மடக்கு முறை" என்று விளம்பரம், சொல்லித்தருகிற எல்லோரும் முதல் நாளிலிருந்தே காலை மடக்கித்தான் உட்கார வேண்டும் என்று விதி, பலகையில் உன் தங்கையின் படம், எனக்கு ஓய்வு. குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன், அவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்கிறாய். ஒரு விஷயம் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்கவில்லை. தையற்கார அம்மாவுக்கு மடக்கிய காலை உன் தங்கை மருந்துக்கடைக்காரர் மகனுக்கு மடக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வானத்தை வில்லாக வளைக்கத் தெரியும் என்ற நினைப்பு, அவன் ஓட்டும்போது அவள் கால் பெடலை விட்டு நகர்வதில்லை, தெருவுக்கு இரண்டு தடவை அழுத்துகிறாள். முந்தாநாள் வந்த ஓய்வு பெற்ற நர்ஸுக்கு ஒரு காலை மட்டும் மடக்குகிறாள். யாருக்கு எப்போது என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன், "பக்கத்துல உக்காந்தா தெரியும்பா" என்றாள். அதற்கு மேல் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. இதை விதியாக அச்சடித்து ஐந்து ஊருக்கு அனுப்பினால், ஒரே மாதத்தில் ஏதாவது ஓர் ஊரில் யாராவது ஒரு பிள்ளை சக்கரத்தடியில் கிடக்கும், நீ மேடையில் அதற்கும் ஒரு வாசகம் வைத்திருப்பாய்.

ரிஸ்க் எடுத்தால் தொழில் புதிதாகும் என்று நீ சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை, சொல்ல முடியாது, வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். மற்ற பள்ளிகள் கைவிட்டவர்கள்தான் பாதிப் பேர். நானே காலையில் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன், இன்றைக்கு யார் வருவார்களோ, என்ன கோளாறோடு வருவார்களோ என்று யோசித்துக்கொண்டு முகம் கழுவுகிறேன், முன்பெல்லாம் அப்படி இல்லை. ஆனால் அந்தப் புதுமை உன் பலகையிலிருந்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அடிபட்டால் தனக்கும் சேர்த்து அடிபடும் என்று தெரிந்து, காலை எடுத்தாளே, அங்கேயிருந்து வந்தது. உன் ரிஸ்க்கில் நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டிக்குள் நீ இல்லை.

ஆகவே பதில். பள்ளியை உன் பெயருக்கு எழுத மாட்டேன். நேற்று உன் தங்கையின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் உன் பங்கு உனக்கு உண்டு, அதில் கை வைக்கவில்லை. உன்னைக் கேட்காமல் செய்தேன், பலகையை மாற்றும்போது நீ யாரைக் கேட்டாய்? பத்திர அலுவலகம் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது, உன் தங்கைக்கு வகுப்பு, அவள் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றாள். தையற்கார அம்மா ஆஸ்பத்திரி மூட்டைகளோடு அந்தப் பக்கம்தான் போகிறார், ஏறுங்க சார் என்றார். மறுக்க ஒரு காரணம் யோசிப்பதற்குள் ஏறிவிட்டேன். பெரியவனே, அது அவருடைய சொந்த வேன். என் பக்கம் பெடல் கிடையாது. முதல் முக்கிலேயே என் கால் பழக்கத்தில் போய் அழுத்திற்று, வெறும் ரப்பர் விரிப்பு. பாலத்து இறக்கத்தில் அழுத்தினேன், லாரிக்குப் பின்னால் அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை, வண்டி அந்த அம்மா சொன்னதை மட்டும் கேட்டது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அழுத்துங்க சார், நல்லா அழுத்துங்க, அந்த இடத்துல தூசி நெறைய இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, ரயில்வே கேட்டைத் தாண்டியதும், இடது காலை மடக்கினேன். வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது, அதைக் கையால் தூக்கி மடக்கினேன். அப்படியே போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போது இரண்டு காலும் மரத்துப்போய், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று, அலுவலக வாசலில் இருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். கையெழுத்து மட்டும் நடுங்காமல் வந்தது.

உன் மஞ்சள் பலகையை எடுக்கவில்லை, உன் தங்கை இருக்கட்டும் என்றாள். கழிவறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த என் பலகையையும் கழுவி அதற்குக் கீழே மாட்டியிருக்கிறாள். இரண்டும் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்டு தொங்குகின்றன, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கடவுள் உனக்கு நல்ல உடம்பையும், உன் பேச்சைக் குறுக்கே மறித்துக் கேள்வி கேட்கிற ஓர் ஆளையும் கொடுக்கட்டும். மருமகளுக்கு எங்கள் ஆசி, அவள் அந்த ஆளாக இருந்தால் இரட்டிப்பு ஆசி. மறந்துவிடாதே, வண்டி ஓட்டிக்கொண்டே எனக்குக் குரல் செய்தி அனுப்பாதே, உன் செய்தி முழுவதும் பின்னால் இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது, போட்டால் அணைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறேன். இதை உன் தங்கையிடம் சொன்னேன், அவள் உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: "அண்ணன் அடுத்த தடவை வரட்டும், நானே பக்கத்துல உக்காந்து முதல்லேர்ந்து கத்துக்குடுக்கறேன். காலை மட்டும் மடக்க மாட்டேன்னு சொல்லிடுங்க."

இப்படிக்கு,
அப்பா
(உன் மேடையில் பிரேக் மிதித்தவர்)